12 கிலோ நங்கூரம் இழுபடுகிறது, 20 கிலோ வாங்கலாமா?

கேள்வி: தொண்டிக்குப் பக்கத்தில் 24 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். தொழிலுக்குப் போகாத நாளில் ஒன்றரைப் பாகம் ஆழத் தண்ணீரில் நங்கூரம் போட்டு நிறுத்துவோம். தரை சேறு கலந்த மணல், இடையிடையே கடல் தாழை (கடற்புல்). இப்போது இருப்பது 12 கிலோ நாலு முனை நங்கூரம். வாடைக் காற்று பிடித்தால் படகை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பட்டறையில் 20 கிலோவில் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். கடையில் 8 கிலோவில் பளபளப்பான தகடு நங்கூரம் இருக்கிறது. எதை வாங்குவது? மானியத்தில் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: 20 கிலோ வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். 7, 8 கிலோவில் தகடு நங்கூரம் போதும். ஆனால் கடையில் மின்னுகிற அந்த நங்கூரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், நங்கூரத்துக்கும் படகுக்கும் நடுவில் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்பது. உங்கள் கடிதத்தில் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை, தரைக்குள் புதைந்து பிடிக்கிறது. நாலு முனை நங்கூரத்தில் ஒரு சமயத்தில் தரையில் இறங்குவது இரண்டு முனைதான். அதுவும் உருண்டைக் கம்பி. சேற்றில் அது சீப்பு ஓடுவதுபோல ஓடிவிடும். அதே வடிவத்தில் எடையைக் கூட்டினால் கம்பி கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். உங்கள் 20 கிலோ அடியில் பதினேழரை கிலோதான். விடியற்காலையில் அதைக் கையால் இழுத்து ஏற்றுகிறவருக்கு மட்டும் சேறும் சேர்ந்து 25 கிலோ.

தகடு நங்கூரம் என்பது நடுவில் ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் கத்திபோல இரண்டு தகடுகள், அடியில் குறுக்கே ஒரு கம்பி உள்ள வகை. கடைக்காரர்கள் டான்ஃபோர்த் என்பார்கள். தகடு மேலும் கீழும் அசையும். மணலில் தண்டுக்கும் தகடுக்கும் நடுவே சுமார் 32 டிகிரி விரிய வேண்டும். இளகிய சேற்றில் 45 டிகிரி வரை விரிந்தால் நல்லது. உங்களுடையது கலப்புத் தரை, 35-ஐ ஒட்டி இருந்தால் போதும். பட்டறையில் அடிக்கச் சொன்னால் இப்படிச் சொல்லுங்கள்: 6 மி.மீ. தகடு, ஒவ்வொன்றும் 35 செ.மீ. நீளம், அடியில் 13 செ.மீ. அகலம், நுனி கூர். தண்டு 50-க்கு 10 மி.மீ. பட்டை, 60 செ.மீ. குறுக்குக் கம்பி 20 மி.மீ. கெட்டிக் கம்பி, அதுவும் 60 செ.மீ. எல்லாம் சேர்ந்து 6, 7 கிலோ வரும். பற்றவைப்பு சுற்றிலும் முழுதாக ஓட வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தது முதல் பெரிய இழுப்பிலேயே விட்டுவிடும்.

இனி ஏமாறும் இடங்கள். பட்டறைகள் பலவும் நங்கூரத்தைக் கிலோக் கணக்கில் விற்கின்றன. கிலோவுக்குக் காசு என்றால் கனமானதைத்தான் தலையில் கட்டுவார்கள், பிடிப்பதை அல்ல. இடிந்த கட்டடத்திலிருந்து வந்த கட்டுமானக் கம்பியைக் காய்ச்சி வளைத்து முனை செய்கிறார்கள். டி.எம்.டி. கம்பியின் பலம் அதன் மேல் தோலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சினால் அது போய்விடும், வளைத்த இடத்திலேயே முனை நிமிர்ந்துவிடும். வாங்கும்போது தண்டு கெட்டி இரும்பா, குழாயா என்று தட்டிப் பாருங்கள்.

கடையில் பளபளக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு மங்கிய சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், ஓரங்களில் துளி திரண்டு நிற்கும். கண்ணாடிபோல மின்னினால் பெரும்பாலும் அது மின்முலாம். அந்தப் பூச்சு மிக மெல்லியது, உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துரு கட்டும். இரண்டையும் ‘ஜி.ஐ.’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். சங்கிலிக்கும், அதை நங்கூரத்தோடு மாட்டும் திருகாணி வளையமான ஷேக்கிளுக்கும் இதே பரீட்சைதான்.

கயிற்றுக் கணக்குக்கு வருவோம். ஒன்றரைப் பாகம் என்றால் 9 அடி. அதன்மேல் மூன்று மடங்கு கயிறு விட்டால் போதும் என்று 27 அடி விடுகிறார்கள். கயிறு புறப்படுவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, படகின் முன்முனையான அணியத்திலிருந்து. அணியம் 3 அடி உயரம். நீரேற்றத்துக்கும் அலைக்கும் 2 அடி. மொத்தம் 14 அடி. அப்படி விட்ட 27 அடி இதற்கு இரண்டு மடங்குகூட இல்லை. அப்போது கயிறு தரையோடு 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து நங்கூரத்தை மேலே தூக்கிவிடும், எந்த நங்கூரமாக இருந்தாலும். காற்று அடங்கியிருக்கும்போது 14-க்கு ஐந்து மடங்கு, 70 அடி. வாடையில் ஏழு மடங்கு, கிட்டத்தட்ட 100 அடி. ஆழம் குறைந்த தண்ணீரில் அணிய உயரத்தை விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. 10 பாகத்தில் 3 அடி ஒன்றுமில்லை, ஒன்றரைப் பாகத்தில் அது மூன்றில் ஒரு பங்கு.

நூறடி விட்டால் பக்கத்துப் படகில் இடிக்குமே என்பீர்கள். உண்மைதான். நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் இரண்டு நங்கூரம் போடுங்கள். வாடை வரும் திசையைப் பார்த்து, ஒன்றுக்கொன்று 45 டிகிரி விலக, இரண்டையும் அணியத்திலேயே கட்டுங்கள். ஒன்றை அணியத்திலும் ஒன்றைப் பின்பக்கத்திலும் கட்டி இறுக்காதீர்கள். காற்று மாறினால் படகு அலைக்கு விலா காட்டி நிற்கும். பின்பக்கம் மட்டும் கட்டினால் எஞ்சின் கிடக்கும் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறி மூழ்கும்.

கயிறு நைலானாக இருக்கட்டும், மூன்று புரி, 12 மி.மீ. வலைக்கு வாங்கிய பச்சை, நீலப் பாலிக் கயிறு மிச்சம் இருக்கிறது என்று அதைக் கட்டாதீர்கள். பாலி மிதக்கும், பக்கத்தில் வருகிறவர் எஞ்சின் காற்றாடியில் சுற்றும். வெயிலில் நொறுங்கும். நைலான் மூழ்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். ஆழமில்லாத இடத்தில் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் வரும், ஒவ்வொரு அலைக்கும் படகு வெட்டி இழுக்கும். அந்த வெட்டை வாங்கிக்கொள்வது நைலானின் நீட்சிதான்.

நங்கூரத்தை ஒட்டி 4 மீட்டர் சங்கிலி, 8 மி.மீ. அது ஐந்தரை கிலோ வரும். 20 கிலோ நங்கூரத்துக்குக் கொடுக்கவிருந்த காசில் நல்ல இரும்பை இங்கே போடுங்கள். சங்கிலி தரையோடு கிடந்து தண்டைத் தாழ்த்திப் பிடிக்கும், சிப்பியில் உரசிக் கயிறு அறுவதையும் தடுக்கும். கயிற்றின் நுனியில் திம்பிள் (கயிறு தேயாமல் காக்கும் வளையம்) வைத்துப் புரி பின்னுங்கள். வெறும் முடிச்சு போட்டால் கயிற்றின் பலத்தில் பாதிவரை போகும். ஷேக்கிள் திருகாணியை ஜி.ஐ. கம்பியால் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

போடும் விதம். படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள். நங்கூரத்தை வீசி எறியாமல் கையால் இறக்குங்கள். எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து தகட்டில் சிக்கும். லாங் டெயில் எஞ்சினுக்குப் பின்னோட்டம் இல்லாவிட்டால், காற்றே படகைப் பின்னுக்குத் தள்ளட்டும். பாதிக் கயிறு போனதும் ஒரு சுற்று பிடித்து மெதுவாக இறுக்குங்கள், புதைந்த பிறகு மீதியை விடுங்கள். கயிற்றைத் தொட்டுப் பாருங்கள்: நன்றாகப் பிடித்தால் ஒரே சீராக இறுகி நிற்கும், இழுபட்டால் உள்ளங்கையில் தடக் தடக் என்று நடுங்கும்.

தாழை மேல் தகடு நங்கூரம் நிற்காது, வேரின் மேலேயே சறுக்கும். நங்கூரம் போடுமுன், கயிற்றில் கட்டிய ஈயக் குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி இறக்குங்கள். மணல் ஒட்டினால் நல்ல இடம். இலைத் துணுக்கு வந்தால் நகர்ந்து போங்கள். தாழை ஆவுளியாவின் (கடல் பசு) தீனி, மீன் குஞ்சு வளரும் இடம். பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியா காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பிடுங்கிய தாழை மறுபடி வேர்விட வருடக்கணக்காகும்.

உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். கீழக்கரை, மண்டபம் தென்கடல் பக்கம் பார் (கடலடிப் பாறைத் திட்டு) மேல் நிறுத்துகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தகடு நங்கூரம் வாங்கிவிடக் கூடாது. கல்லிடுக்கில் தகடு சிக்கினால் நங்கூரம் போனதுதான். அங்கே நாலு முனைக் கம்பி நங்கூரமே சரி, அதிலும் கனமில்லாத கம்பி. சிக்கினால் படகால் இழுக்க முனை நிமிர்ந்து வெளியே வரும், கரையில் வந்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். சேற்றில் குறையாக இருந்தது பாரில் குணம். சங்கிலியைத் தலை வளையத்தில் மாட்டாமல், முனைகள் சேரும் அடிப்பக்கத்தில் மாட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் நாலைந்து சுற்றுக் கட்டுங்கள். சாதாரண இழுப்புக்கு நூல் தாங்கும். சிக்கியபோது படகை நேர் மேலே கொண்டுபோய் வெட்டி இழுத்தால் நூல் அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமாகத் திரும்பி வரும். நூல் தடித்தால் அறாது, மெலிந்தால் இரவில் காற்றிலேயே அறும். கரையில் கட்டி இருவர் இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவு ஆளில்லாமல் விட்டுப் போகும் படகுக்கு இந்தக் கட்டு கூடவே கூடாது. உயிருள்ள பவளத்தின் மேல் எந்த நங்கூரமும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா எல்லை இருக்கிறது, நினைவில் வையுங்கள்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம், எந்தத் திட்டம், எந்த அலுவலகம், விண்ணப்ப எண் என்ன என்று கேளுங்கள். பதில் வராது. நாட்டுப்படகுகளுக்குப் பாதுகாப்புக் கருவித் தொகுப்பு தரும் பிரிவு பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இருந்தது. அதில் இப்போது என்ன தருகிறார்கள் என்பதை உங்கள் சங்கத்திலோ மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள், இடையில் ஆள் வேண்டாம். எஞ்சின் மானியம் பேச நாலு பேர் வருகிறார்கள். 24 அடிப் படகுக்கு எந்த நங்கூரம், எவ்வளவு சங்கிலி என்று ஒரு தாள் தமிழில் அச்சடித்து இறங்குதளத்தில் ஒட்ட என்ன செலவாகிவிடும்? ஒரு படகு கரையேறி உடைந்தால் ஒரு குடும்பத்தின் முதலே போகிறது.

அந்த 12 கிலோவைத் தூக்கிப் போடாதீர்கள், அமைதியான நாளில் இரண்டாவது நங்கூரமாக உதவும். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டுமே நம்பிக்கைக்கு உரியவை அல்ல. படகைக் கரையில் மேட்டுக்கு ஏற்றி, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.