கல்விக்கடனில் மிஞ்சும் பணத்தில் ஐரோப்பா சுற்றலாமா?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் வசிக்கிறேன். வயது 27. புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. தம்பிக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறார். முதல் ஆண்டுக்கு 20 லட்சம் வருகிறது. அவன் போய்விட்டால் 2 வருடம் பார்க்க முடியாது. அதனால் வகுப்பு தொடங்கும் முன் இருவரும் 22 நாள் ஐரோப்பா சுற்ற ஆசைப்படுகிறோம். டூர் ஏஜென்சி இருவருக்கும் சேர்த்து 7 லட்சம் சொல்கிறது. என் ஆர்.டி.யில் 4 லட்சம் முதிர்ந்திருக்கிறது. மீதி 3 லட்சத்தைக் கடனில் மிஞ்சும் பணத்திலிருந்து எடுக்கலாமா, அம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாமா? பாரிஸ் பக்கத்தில் சித்தி இருக்கிறார்.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். தம்பியோடு இப்படி ஒரு பயணம் போக இனி எப்போது லீவும் காசும் சேர்ந்து அமையும்? ஆனால் உங்கள் 4 லட்சத்துக்குள் போய் வாருங்கள். கடன் பணத்தையும் வளையலையும் தொடவே வேண்டாம்.

முதலில் அந்த 'மிஞ்சும் பணம்'. ஒரு யூரோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கு) காட்ட வேண்டியது 11,904 யூரோ, அதாவது சுமார் 13.1 லட்சம். ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், ஆண்டுக்கு 3.3 லட்சம். இரண்டும் போக 3.6 லட்சம் நிற்கிறது. இதைத்தான் நீங்கள் மிச்சம் என்கிறீர்கள்.

அவன் அங்கே இறங்கியதும் என்னென்ன கேட்பார்கள் என்று பாருங்கள். அறைக்கு அட்வான்ஸ் (சட்டப்படி 3 மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம்), முதல் மாத வாடகை, மருத்துவக் காப்பீடு, செமஸ்டர் பங்களிப்புத் தொகை, போர்வை, பாத்திரம். குறைந்தது 2,000 யூரோ கையில் இருக்க வேண்டும். பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறதே என்று தோன்றும். அதில் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்து, காகித வேலையெல்லாம் முடித்த பிறகு. என் அக்கா மகன் 180 யூரோவோடு போய் இறங்கினான். அட்வான்ஸ் கட்ட முடியாமல் 9 நாள் நண்பன் அறையின் தரையில் படுத்திருந்தான். அக்கா இங்கே தினமும் இரவில் எனக்குப் போன் செய்து அழுவாள். விமான டிக்கெட்டும் விசா செலவும் சேர்ந்தால் அந்த 3.6 லட்சத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், படிப்புக்கென்று வாங்கிய கடனைச் சுற்றுலாவுக்குத் திருப்புவது வங்கி ஒப்பந்தத்துக்கே விரோதம். வட்டியும் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடும். 10 சதவீதம் என்று வைத்தாலும், 3 லட்சத்துக்குப் படிப்புக் காலம் 2 ஆண்டு, அதன்பின் சலுகைக் காலம் 1 ஆண்டு என்று 90,000 ரூபாய் ஏறியிருக்கும்.

வளையல் விஷயம் இன்னும் எளிது. நகைக்கடன் பொதுவாக ஓராண்டுத் தவணை. தம்பி சம்பாதிக்க 2 ஆண்டுக்கு மேல் ஆகும். மீட்கப்போவது நீங்கள்தான், உங்கள் சம்பளத்திலிருந்து.

சரி, 4 லட்சத்தில் எப்படி? 22 நாளை 12 நாளாக்குங்கள். ஸ்டுட்கார்ட்டில் 2 இரவு, ஸ்ட்ராஸ்பூரில் 2, சித்தி வீட்டில் 4, ஆம்ஸ்டர்டாமில் 2, கொலோனில் 2. எல்லாமே யூரோ நாடுகள், பணம் மாற்றும் நஷ்டம் கிடையாது. சுவிட்சர்லாந்தை இந்தமுறை விடுங்கள். அங்கே நாணயம் பிராங்க், விலையும் கடுமை. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்கு டிராமிலேயே போகலாம். நீங்கள் தினமும் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டுகிற மாதிரிதான்.

தங்க 8 இரவு, இருவருக்கும் 80 யூரோ வீதம் 640. சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், நுழைவுச்சீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 வீதம் 1,080. முன்கூட்டியே எடுத்தால் ரயிலுக்கு 300. மொத்தம் 2,020 யூரோ, சுமார் 2.2 லட்சம். உங்கள் விமான டிக்கெட் 65,000, விசாவும் காப்பீடும் 15,000. ஆக 3 லட்சம். மீதி 1 லட்சத்தை அப்பா அம்மாவின் அவசரத் தேவைக்கு வைத்துவிடுங்கள். (லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்றவர்களுக்கு 32 யூரோ. உள்ளே போக வேண்டும் என்று இருந்தால் அன்று சாப்பாட்டைச் சித்தி வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள்.)

ஸ்டுட்கார்ட்டை முதலில் வைத்ததற்குக் காரணம் பெட்டிகள். 46 கிலோவை ஐந்து ஊருக்கும் இழுக்க முடியாது. அறை ஒப்பந்தத்தைச் செப்டம்பரிலிருந்தே கேட்கச் சொல்லுங்கள். கூடுதல் வாடகை போனாலும் பரவாயில்லை. பெட்டியை வைத்துவிட்டு, முகவரிப் பதிவுக்கும் நேரம் வாங்கிவிட்டுக் கிளம்பலாம். குடியேறி 2 வாரத்துக்குள் பதிய வேண்டும்.

தம்பிக்கு ஜெர்மனியின் நீண்டகால விசாவே போதும். அதை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். அந்த விசா தொடங்கும் தேதிக்கு முன்னால் மட்டும் இறங்கிவிடக் கூடாது. உங்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும்: கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அதிக இரவுகள் பிரான்சில் என்பதால் பிரான்சுக்குத்தான் விண்ணப்பம். 6 மாதம் முன்பே போடலாம். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஏஜென்சி பேக்கேஜ் என்றால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே சேர்த்து வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை கைப்பணம் முடங்கும். நீங்களே ஏற்பாடு செய்து ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றும் கார்டு) போட்டால் ஆண்டுக்கு 10 லட்சம் வரை அந்தத் தொல்லை இல்லை. தம்பியின் பணம் கல்விக்கடன் கணக்கிலிருந்தே போனால் அதற்கும் டிசிஎஸ் கிடையாது. அங்கே கடையில் கார்டைச் செருகியதும் திரையில் ரூபாயில் ஒரு தொகையும் யூரோவில் ஒரு தொகையும் காட்டும். ரூபாய் பழக்கமாகத் தெரியும், விரல் அங்கேதான் போகும். யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்.

சித்தியிடம் இந்த வாரமே பேசுங்கள். அவர் வீட்டில் தங்குவதற்கு அவருடைய ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும். 30 யூரோ முத்திரைக் கட்டணத்தை அவர்தான் கட்டுவார், மறுத்துவிட்டாலும் அது திரும்பாது. அந்த அசல் காகிதம் கடலூர் வந்து சேர நாளாகும். அது வந்த பிறகு விசா விண்ணப்பத்தை எடுங்கள்.