கம்பு எடுத்தால் கோபம் கூடுமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறான். இப்போது சிலம்பம் கற்க ஆசைப்படுகிறான். முரட்டுத்தனம் அதிகமாகிவிடாதா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தயங்காமல் சேர்த்துவிடுங்கள் அம்மா, ஆனால் ஆசானைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நல்ல ஆசான் எடுத்ததும் அடிக்கச் சொல்லமாட்டார், முதலில் வணக்கம், அப்புறம் காலடி, திரும்பத் திரும்ப அதே காலடிதான், அவசரக்காரப் பிள்ளைக்கு அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்வதே பெரிய பயிற்சி. தப்பாகச் சுழற்றினால் கம்பு அவன் முழங்காலிலேயே படும், யார்மேலும் பழிபோட முடியாது. போட்டியில் எதிராளியைக் கம்பால் தொட்டால் புள்ளி. கோபத்தில் ஓங்கி வீசுகிறவன் தன் உடம்பைக் காக்க மறந்துவிடுவான், எதிராளி சுலபமாகத் தொட்டுவிடுவான். வீட்டில் நாம் எத்தனை முறை சொன்னாலும் இது ஏறாது.

ஒரு நாள் வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். தோற்ற பிள்ளையை ஆசான் எப்படி நடத்துகிறார், பெரிய பையன்கள் சின்னவர்களோடு ஆடும்போது வேகத்தைக் குறைக்கிறார்களா என்று கவனியுங்கள். அவமானப்படுத்திக் கற்றுத்தரும் இடமென்றால் வேண்டவே வேண்டாம், அங்கே உங்கள் பயம் நிஜமாகிவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, அதனால் பதக்க ஆசை சீக்கிரமே வரும். முதல் வருடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.