கனடாவில் மூஸ் பெருகினால் மான் வேட்டையும் சாலைப் பயணமும் பாதிக்குமா?

நீங்கள் கனடாவுக்குப் புதிதாக வரப்போகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறேன். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. சாலை என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2017 ஜூன். இதே தீவில் உள்ள கேண்டர் என்ற ஊரில் நண்பர் வீட்டு விருந்து முடிந்து நானும் மனைவியும் செயின்ட் ஜான்ஸ் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பத்தரை இருக்கும். ஹைவே டெர்ரா நோவா தேசியப் பூங்காவுக்குள் போகும் இடம். லேசான தூறல். நான் போனது 85 கிலோமீட்டர் வேகத்தில். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் சொந்த அண்ணனே போனில் முதலில் கேட்டது "எவ்வளவு ஸ்பீடுல போனே?" என்றுதான். "அவளுக்கு எப்படி இருக்கு?" அதற்குப் பிறகுதான் வந்தது.

மான் என்றால் இருட்டில் கண் மின்னும். மூஸின் கண் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், உடம்பும் கருத்து இருட்டோடு கலந்துவிடும். எனக்குத் தெரிந்தது நான்கு கால்கள் மட்டும். பிரேக்கில் கால் வைப்பதற்குள் பானட் அந்தக் கால்களை வாரிவிட்டது. உடம்பு அப்படியே கண்ணாடியை உடைத்துக்கொண்டு எங்கள் மேல் வந்தது. மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. அவள் தலைமுடியிலிருந்து கண்ணாடித் தூளை இரண்டு நாள் பொறுக்கினேன்.

இந்தப் பருவத்தில் தாய் மூஸ் புதுக் கன்று ஈனும். போன வருடக் கன்றை விரட்டிவிடும். அதுகள் போக்கிடம் தெரியாமல் ரோட்டுக்கு வரும். எங்கள் மேல் விழுந்தது அப்படி ஒரு குட்டிதான். அதற்கே காரின் கூரை மடங்கிவிட்டது. வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும்.

மூஸ் இந்தத் தீவின் விலங்கே இல்லை. 1904-ல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து இங்கே ஹவ்லி என்ற ஊர் அருகே விட்டார்கள். இங்கிருந்த ஓநாயும் பிறகு அழிந்துபோனது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் மூஸ். மாகாணத்தின் மனிதத் தொகையே ஐந்து லட்சம் சொச்சம்தான். வருடத்துக்கு 600, 700 விபத்துகள். மூஸைக் கட்டுப்படுத்தவில்லை என்று அடிபட்டவர்கள் சேர்ந்து மாகாண அரசு மேல் போட்ட வழக்கு 2014-ல் தள்ளுபடியானது. நான் சட்டம் படித்தவன் இல்லை, ஆனாலும் எனக்கு அந்தத் தீர்ப்பு வலித்தது.

வேட்டைக்கு வருகிறேன். இங்கே வெள்ளைவால் மானே கிடையாது, பனிப்பிரதேச மானான கரிபுதான். மானும் மூஸும் சேர்ந்திருக்கும் பெருநிலத்தில் கதை தலைகீழ். மானின் உடம்பில் இருக்கும் மூளைப்புழு மானை ஒன்றும் செய்யாது, மூஸைக் கொன்றுவிடும். அங்கே மானால் மூஸுக்குத்தான் ஆபத்து.

"உயிரைக் கொல்வதை ஆதரிக்கிறாயா?" என்று கேட்க வருபவர்களுக்கு: ஆமாம், இந்தத் தீவில் ஆதரிக்கிறேன். க்ரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவில் ஃபிர் கன்றுகளை வளரவிடாமல் மூஸ் மேய்ந்து, காடே திரும்ப முளைக்காத நிலைக்கு வந்துதான் 2011-ல் பூங்காவுக்குள்ளேயே வேட்டையை அனுமதித்தார்கள். குலுக்கலில் வேட்டை லைசென்ஸ் விழுந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களுக்கும் ஜாடியில் அடைத்த மூஸ் கறி தருவார். மனைவி மிளகு போட்டு வறுப்பாள்.

விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டது இன்னும் ஆறவில்லை: "கனடாவில் எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள்?" திருச்சியில் ஒன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேனே, அது கணக்கில் வராதாம். என் மனைவி அங்கே பத்து வருடம் நர்ஸ். அதுவும் கணக்கில் வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து மறுபடி பரீட்சைக்குப் படித்தாள். எங்கள் வேலையும் அனுபவமும் விமானம் ஏறியதும் காணாமல் போய்விடுமா?

நீங்கள் கேண்டர் விமான நிலையத்தில் இறங்கினால், பொழுது சாய்ந்த பிறகு கிளம்பாதீர்கள். அங்கேயே ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்குங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.