இரண்டாம் உலகப் போரின்போது வேல்ஸ் நாட்டு ஊர் ஒன்றில் தங்கிய அமெரிக்க வீரர்களுக்கு நினைவுப் பலகை வைப்பது எப்படி?

எந்தப் படைப்பிரிவு, எப்போது தங்கியது என்பதைத்தான் முதலில் உறுதிசெய்யணும். பலகையில் தப்பு நுழைவது பெரும்பாலும் இங்கேதான். ஊர்க்காரர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே முகாமில் பல பிரிவுகள் மாறிமாறி இருந்திருக்கலாம். வீரர் ஒவ்வொருவரின் பணிக் கோப்பு கிடைப்பதும் சிரமம்: 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், பணியிலிருந்து 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80% போய்விட்டது. அதற்குப் பதில், கம்பெனி எனும் சிறு படைப்பிரிவுவாரியாகத் தினமும் எழுதிய 'மார்னிங் ரிப்போர்ட்' என்ற அறிக்கையைக் கேளுங்கள்; தேதி, ஆள்மாற்றம், பெரும்பாலும் முகாம் இருந்த இடமும் அதில் இருக்கும்.

பலகையில் அந்நாட்டு மொழியான வெல்ஷும் ஆங்கிலமும் இரண்டுமே வேண்டும்.

இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, வேல்ஸின் பிரிட்ஜெண்ட் ஊரில் உள்ள ஐலண்ட் ஃபார்ம் முகாமில் 28ஆவது காலாட்படை டிவிஷன் வீரர்கள் இருந்தார்கள். பிறகு அது ஜெர்மன் கைதி முகாமானது. மிச்சமிருக்கும் 9ஆம் குடில் பாதுகாக்கப்பட்ட கட்டடம். அப்படிப்பட்ட சுவரில் துளை போடுவதற்கு முன் உள்ளாட்சியிடம் அனுமதி வாங்கணும். பக்கத்தில் தனித் தூண் நடுவது பெரும்பாலும் சுலபம்.