வீட்டுச் சிலந்தி: கேட்டதும் சொன்னதும்

சிலந்தி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை: அண்ணா, பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை மாதிரி எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. குழந்தை இருக்கும் வீடு, அடித்துவிடலாமா?

வேண்டாம்மா. வில்லை முட்டைப்பை, சுமப்பது தாய். வலை பின்னாமல் ராத்திரியில் ஓடிப் பிடிக்கிற ஜாதி, கரப்பான் அதற்குப் பிடித்த சாப்பாடு. தானாக வந்து கடிக்காது, கையால் அமுக்கினால் கடிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான். பயமாக இருந்தால் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, தினசரி காலண்டர் அட்டையை அடியில் மெதுவாக நுழைத்துத் தோட்டத்தில் விடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: தூங்கும்போது எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்து, கழுத்தில் கோடு போட்டாற்போல் கொப்புளம். என்ன மருந்து?

இந்தப் பழியைத்தான் நான் முதலில் துடைக்க வேண்டும். சிலந்தி அப்படியெல்லாம் செய்யாது சார். மழைக்காலத்தில் வயல் பக்கமிருந்து ட்யூப்லைட்டுக்கு வருமே, எறும்பு மாதிரி ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, அதுதான் ஆள். கடிக்காது, கொட்டாது; தூக்கத்தில் கையால் தேய்த்து நசுக்கிவிடுகிறோம், உள்ளே இருக்கும் பெடெரின் என்கிற நச்சு தோலைப் பொசுக்கிவிடுகிறது. முழங்கை மடிப்பில் பட்டால் இரண்டு பக்கமும் அச்சு எடுத்ததுபோல ஒரே கொப்புளம் வரும். எரிச்சல் மறுநாள்தான் தெரியும், அதற்குள் வண்டைக் காணோம், சுவரில் சிலந்தி மட்டும் நிற்கிறது, மாட்டிக்கொள்கிறது! மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இப்போது கொப்புளம் வந்துவிட்டதால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், நானாக மருந்து சொல்ல மாட்டேன்.

வில்லியனூர்: மூலையில் நூல் நூலாகக் காலோடு தலைகீழாகத் தொங்குகிறது, தொட்டால் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது.

பயத்தில்தான் ஆடுகிறது. அந்த வேகத்தில் உடம்பே மங்கலாகிவிடும், எதிரிக்குக் குறி தப்பும். வாயில் சின்ன உருண்டை இருந்தால் அது முட்டை. கொசு மாட்டினால் விடாது. தூசி படிந்த பழைய ஒட்டடையை மட்டும் அடியுங்கள்.

மஞ்சக்குப்பம்: குட்டியாக ஒன்று கம்ப்யூட்டர் மேஜையில் குதிக்கிறது, திரும்பி என்னையே முறைக்கிறது அண்ணா!

பார்க்கத்தான் செய்கிறது தம்பி. எட்டுக் கண், முன்னால் இருக்கும் இரண்டும் பெரிசு. திரையில் அம்புக்குறியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள், சில சமயம் துரத்தும். எனக்கு இதில் ஒரு சாயங்காலமே போயிருக்கிறது.

அரியாங்குப்பம்: அலமாரிக்குப் பின்னால் செத்த சிலந்தி, கால் எல்லாம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு மருந்து அடித்ததாலா?

ஊதிப் பாருங்கள். காகிதம் மாதிரிப் பறந்தால் அது சட்டை. உரித்துப் போட்டுவிட்டு ஆள் பக்கத்திலேயே எங்காவது இருக்கும்.