வாசகர் கேள்வி பதில்: ரெண்டு நாள்ல மதுரையை நடந்தே பாக்கலாமா?

கேள்வி: வெள்ளிக்கிழமை நைட்டு சென்னைல ட்ரெய்ன் ஏறி சனிக்கிழமை விடிகாலை மதுரைல இறங்குறோம், ஞாயித்துக்கிழமை நைட்டு ரிட்டர்ன். நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கார் எதுவும் புக் பண்ணாம ஊரை நடந்தே பாக்கணும்னு ஆசை. முடியுமா, எங்க ஆரம்பிக்கிறது?
- வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமா முடியும்ங்க. பழைய மதுரைக்குள்ள கார்தான் இடைஞ்சல், எங்க நிறுத்துறதுன்னு தேடுறதுலயே பாதி நாள் போயிடும். மீனாட்சி அம்மன் கோயிலை நடுவுல வச்சு அதைச் சுத்தி சதுரம் சதுரமா வீதி போட்ட ஊர் இது. மதிலுக்கு உள்ள ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை வீதி, அதைத் தாண்டி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசில வெளி வீதி. எந்த சந்துக்குள்ள பூந்தாலும் கொஞ்ச தூரத்துல இதுல ஏதோ ஒரு வீதில வந்து முட்டிருவீங்க, அதனால மேப்பைப் பாத்துக்கிட்டே நடக்காதீங்க.

ரூம் டவுன் ஹால் ரோடு பக்கம் போட்டுக்கோங்க. ஸ்டேஷன்ல இருந்து பெட்டியை இழுத்துட்டே போயிரலாம், அதே ரோட்டுல நேரா போனா மேலக்கோபுரம். ஒரே ஒரு விஷயத்தை வச்சுதான் மொத்த ப்ளானும் போடணும்: கோயில் மதியம் பன்னெண்டரைக்கு நடை சாத்தி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. இது தெரியாம பதினோரு மணிக்கு நிதானமா கிளம்பி வந்து சாத்துன கதவைப் பாத்துட்டு நிக்கிறவங்க நெறைய.

அதனால சனிக்கிழமை குளிச்சு முடிச்சு ஏழு மணிக்கெல்லாம் கோயில்ல இருங்க. கீழச் சித்திரை வீதில ராஜகோபுரத்துக்குப் பக்கத்துல அஷ்டசக்தி மண்டபம் இருக்கு, ஊர்க்காரங்க அது வழியாத்தான் போவாங்க, இங்க மொத கும்பிடு மீனாட்சிக்கு, அப்புறம்தான் சிவன் சொக்கநாதர். 2018 தீ விபத்துக்கு அப்புறம் உள்ள செல்போன் கொண்டு போக முடியாது, வெளிய கவுன்ட்டர்ல குடுத்துட்டுப் போகணும். சில பேர் இதுக்கு சலிச்சுக்குறாங்க, எனக்கென்னவோ அதுக்கப்புறம்தான் ஜனங்க பொற்றாமரைக் குளத்துப் படில சும்மா உக்காந்து பாக்கவே ஆரம்பிச்சிருக்காங்கன்னு தோணுது.

வெளிய வந்ததும் எதுத்தாப்புல புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காக கட்டுனது. அதுக்கு அந்தப் பக்கம் ராயகோபுரம் இருக்கு, இதை தவறவிடாதீங்க. அவரே ஆரம்பிச்சு முடிக்காம விட்ட கோபுரம், அடிப்பாகம் மட்டும்தான். நிலைக்கல்லு ரெண்டும் அண்ணாந்து பாக்குற உயரத்துக்கு நிக்கும், அந்த சிற்பம் செதுக்குன கல்லை ஒட்டியே கடை போட்டு யாவாரம் நடக்கும். கோபுரம் முழுசா எழும்பியிருந்தா எவ்ளோ உயரம் வந்திருக்கும்னு அந்த வாசலை வச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

அங்கேருந்து தெக்கால நடந்தா திருமலை நாயக்கர் மகால், அவரோட அரண்மனை, 1636ல கட்டுனது. இப்ப நிக்கிறது பழைய அரண்மனைல கால்வாசி இருந்தா பெருசு. நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை திருச்சிக்கு மாத்தினப்ப இதைப் பிரிச்சு சாமானை எல்லாம் அங்க கொண்டு போயிட்டார்னு சொல்லுவாங்க. மிச்சம் தெரியணும்னா மகால்ல இருந்து வடக்க ஜவுளிக்கடை சந்துக்குள்ள போய் பத்துத்தூண் எங்கன்னு கேளுங்க. கடைங்களுக்கு நடுவுல பத்து ராட்சசத் தூணு, மேல கூரையே இல்லாம. அதுவும் அரண்மனைக்குள்ள இருந்ததுதான்! மகாலை விட அந்த சந்துலதான் அரண்மனையோட பிரம்மாண்டம் எனக்குப் புரிஞ்சுது.

மதியம் தூங்குங்க. நிஜமாத்தான் சொல்றேன், மதுரை வெயில்ல ரெண்டு மணிக்கு நடக்குறது வீரம் இல்ல.

அஞ்சு மணிக்கு மாசி வீதி. இங்க தெருவுக்குத் தெரு யாவாரம் மாறும், கீழமாசி பக்கம் மளிகை மண்டி வாசனை, தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடை. வெளி வீதி வரைக்கும் போனா அந்த இடத்துலதான் கோட்டைச்சுவரும் அகழியும் இருந்துச்சு. 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்தா அந்த இடம் உங்களுக்குன்னு ஜனங்களுக்கு சொல்லி ஊரை விரிவாக்குனாரு. அந்த வேலையைப் பாத்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் அங்கயே ஆளுக்கொரு வீதி பேர் இருக்கு, கலெக்டர் ஞாபகமா வச்சது விளக்குத்தூண். இன்னைக்கு விளக்குத்தூண்னா எல்லாருக்கும் அங்க இருக்குற ஜிகர்தண்டா கடைதான் ஞாபகம் வருது, பாவம் கலெக்டர்.

ராத்திரி ஒன்பது மணி வாக்குல மறுபடி கோயிலுக்குப் போங்க. பள்ளியறை பூஜைக்கு சொக்கநாதரோட பாதத்தை பல்லக்குல வச்சு அம்மன் சன்னதிக்குக் கொண்டு வருவாங்க, மேளம், சாம்பிராணிப் புகைன்னு தினமும் நடக்கும். தினமும் நடக்குதுன்னாலும் தினமும் பாக்க வர்ற ஊர்க்காரங்க இருக்காங்க.

ஞாயித்துக்கிழமை லைட்டா வச்சுக்கோங்க. விடிகாலை தள்ளுவண்டில பருத்திப்பால் கிடைக்கும், குடிச்சுட்டு கூடலழகர் கோயில், பெருமாள் கீழ உக்காந்தும் மேல நின்னும் அதுக்கும் மேல படுத்தும் இருக்காரு. அப்புறம் மேலமாசி வீதில காந்தி 1921 செப்டம்பர்ல சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறுன வீடு, இப்ப கீழ கதர் கடை. தமுக்கத்துல இருக்குற காந்தி மியூசியத்துக்கு மட்டும் ஆட்டோ பிடிங்க, ஆத்தைத் தாண்டணும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: போகலாம், ஆனா மேல சொன்ன லிஸ்ட்ல பாதியை வெட்டிருங்க. சித்திரை வீதில வண்டி விடுறதில்ல, தரையும் சமமா இருக்கும், சாயங்காலம் நாலு பக்கமும் மெதுவா ஒரு சுத்து போதும், ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும். கூடலழகர் மாடிப்படி வேணாம். வெயில் ஏறுனா கல்தரை காலைச் சுடும், சாக்ஸ் எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: இதே ரெண்டு நாள்ல அழகர்கோயில், திருப்பரங்குன்றம், கீழடி மியூசியம் மூணையும் சேத்துக்கலாமா சார்?
- வாசகர், ஓசூர்

பதில்: வேணாம் தம்பி.

கேள்வி: நாங்க சின்னப்பிள்ளையா இருந்தப்ப புதுமண்டபத்துக்குள்ள டெய்லருங்க வரிசையா மெஷின் போட்டு உக்காந்திருப்பாங்க, துணி வாங்கிக் குடுத்தா கோயிலைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள ஜாக்கெட் ரெடி. இன்னும் இருக்காங்களா?
- வாசகி, பெங்களூரு

பதில்: மண்டபத்துக்குள்ள இப்ப இல்லைங்கம்மா. அங்க இருந்த கடைகளை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, பக்கத்துலதான், யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. சனிக்கிழமை காலைலயே அளவைக் குடுத்துருங்க, ஞாயித்துக்கிழமை ட்ரெய்னுக்கு முன்னாடி வாங்கிக்கலாம்.