பெல்லட் அடுப்பு கட்டுப்படியாகுமா? ஏழு குளிர்காலத்தில் நான் போட்ட கணக்கு

கேள்வி: "எங்கள் வீட்டில் ஆயில் பாய்லர் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் எண்ணெய்ச் செலவு கழுத்தை நெரிக்கிறது. பெல்லட் அடுப்பு ஒன்று வாங்கி வைத்தால் செலவு குறையுமா? போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்?"

நாங்களும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தோம். மரத்தூள் குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் இந்தப் பெல்லட் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு குளிர்காலம் முடிந்துவிட்டது. எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஆயில் பாய்லரையும் எடுக்கவில்லை, அது துணைக்கு நிற்கிறது. எங்களுக்குக் கட்டுப்படியானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் விற்றவர் தாளில் எழுதிக் காட்டிய 4 வருஷத்தில் அல்ல. போட்ட காசு முழுதாகத் திரும்பியது இந்த ஏழாவது குளிர்காலத்தில்தான். இடையில் உள்ள அந்த மூன்று வருஷம் எங்கே போனது என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் எரிபொருள் கணக்கு. இதற்கு யாருடைய உதவியும் வேண்டாம், உங்கள் பழைய எண்ணெய் பில் போதும். பெல்லட் என்பது மரத்தூளைப் பெரும் அழுத்தத்தில் அழுத்தி, 6 மில்லிமீட்டர் பருமனில் எடுக்கும் சிறு குச்சி. பசை எதுவும் தேவையில்லை. மரத்திலேயே இருக்கும், சூட்டில் இளகும் லிக்னின் என்ற பொருளே தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நன்றாக உலர்ந்த பெல்லட் 1 கிலோவில் சுமார் 4.8 யூனிட் சக்தி இருக்கிறது. யூனிட் என்று நான் சொல்வது மின் பில்லில் வரும் அதே யூனிட்தான். அடுப்பு அதில் 85 சதவீதத்தை அறைக்குள் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். விளம்பரத்தாளில் 90-க்கு மேல் போட்டிருப்பார்கள். சாம்பல் படிந்து, கண்ணாடி கறுத்து, குறைந்த வேகத்தில் ஓடும் அடுப்பு அந்த அளவைத் தராது. ஆகவே 1 கிலோவுக்கு 4 யூனிட் என்றே கணக்கில் எடுங்கள்.

1 லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட். ஓரளவு புதிய பாய்லர் என்றால் அதில் 9 யூனிட் வீட்டுக்குள் வரும். ஆக, இரண்டேகால் கிலோ பெல்லட்டும் ஒரு லிட்டர் எண்ணெயும் உங்கள் அறைக்கு ஒன்றுதான். இரண்டேகால் கிலோவின் விலை ஒரு லிட்டரின் விலையைவிட எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் மிச்சம். பெல்லட்டின் விலையை எடுக்கும்போது மூட்டை வீட்டு வாசலில் வந்து இறங்கும் விலையை எடுங்கள், கிடங்கு விலையை எடுக்காதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்த வியாபாரத்துக்கென்றே சொன்னது போல இருக்கும்.

வேறு எரிபொருள் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மின் ஹீட்டர் என்றால் 1 கிலோ பெல்லட்டை 4 யூனிட் மின்சாரத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பெல்லட்தான் ஜெயிக்கும். வெளியில் உள்ள சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவியான ஹீட் பம்ப் என்றால் கதையே வேறு. அது 1 யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 யூனிட் சூட்டைத் தந்துவிடும். 3 கிலோ பெல்லட்டின் விலை 4 யூனிட் மின்சாரத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் மிச்சம், அது அபூர்வம். கடுங்குளிரில் ஹீட் பம்ப் தரும் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சில வாரங்களுக்காக மட்டும் ஓர் அடுப்பு வாங்குவது செலவுக் கணக்கில் நிற்காது. குழாயில் இயற்கை எரிவாயு வரும் வீடுகளிலும் மிச்சம் மெல்லியதாகத்தான் இருக்கும். எண்ணெய், சிலிண்டர் எரிவாயு, மின் ஹீட்டர் ஆகிய இந்த மூன்றில் ஒன்றை எரிக்கும் வீட்டில்தான் பெல்லட் அடுப்புக்கு உண்மையான வேலை இருக்கிறது. நீங்கள் அதில் ஒருவர்.

இனி, நாங்கள் சறுக்கிய இடம். எண்ணெய் முழுவதும் மிச்சமாகும் என்று நினைத்தோம். பெல்லட் அடுப்பு ஓர் அறையில் நிற்கும் பொருள். சூடான காற்று எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம்தான் அதன் பலன். எங்கள் கூடத்திலும் அதை ஒட்டிய இரண்டு அறைகளிலும் நன்றாகச் சூடு பரவுகிறது, மூலையில் உள்ள படுக்கையறைக்குப் போவதில்லை. குளிக்கும் வெந்நீரும் பாய்லரிலிருந்துதான் வருகிறது. நாங்கள் ஒரு குளிர்காலத்துக்கு 2 டன் பெல்லட் எரிக்கிறோம். மேலே சொன்ன கணக்குப்படி அது 8,000 யூனிட், அதாவது 900 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய். மீதியைப் பாய்லர் எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டின் அமைப்பை மனதில் ஓடவிட்டு, எத்தனை அறைகளின் கதவுகள் அடுப்புள்ள அறையில் நேராகத் திறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மிச்சத்தை அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதல் செலவு. அடுப்பின் விலையை 100 என்று வைத்தால், எங்களுக்கு அதை நிறுத்தி ஓடவிட இன்னொரு 50 ஆனது. புகைக்குழாய், சுவரைத் துளைத்தது, அடுப்புக்குக் கீழே தீப்பிடிக்காத தகடு, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்க ஒரு தனிக்குழாய், பக்கத்தில் ஒரு மின் இணைப்பு, கார்பன் மோனாக்சைடு அலாரம், கடைசியில் சோதனை செய்து கையெழுத்துப் போட வந்தவரின் கட்டணம். விற்றவரின் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. வருஷ மிச்சம் 25 என்று அவர் எழுதியது ஏறக்குறைய சரிதான், அதனால்தான் 100-ஐ 25-ஆல் வகுத்து 4 வருஷம் என்றார். உண்மையில் 150 போட்டோம். வருஷ மிச்சத்தில் சர்வீஸ், உதிரி பாகம், மின்சாரம் என்று 4 போனால் 21 நிற்கும். வகுத்துப் பாருங்கள், ஏழு வருஷம் வந்துவிடும். நீங்களும் விலை கேட்கும்போது அடுப்பின் விலையைக் கேட்காதீர்கள். "எல்லாம் முடிந்து, கையெழுத்தும் ஆகி, அடுப்பு எரியும் நாளில் மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய அடுப்பாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். தேவைக்கு மேல் பெரிய அடுப்பு எப்போதும் குறைந்த வேகத்திலேயே புகைந்து, சீக்கிரம் அழுக்கடையும், அடிக்கடி அணைந்து அணைந்து பற்றும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் இக்னைட்டர் கம்பி 300 வாட் அளவில் சில நிமிஷம் பழுக்கக் காய்கிறது. முதலில் போகிற பாகம் அதுதான். எங்களுடையது நான்காவது குளிர்காலத்தில் போனது. கதவைச் சுற்றியுள்ள கேஸ்கெட் கயிற்றை இருமுறை மாற்றியிருக்கிறோம். புகையை வெளியே தள்ளும் விசிறியின் பேரிங் ஒருமுறை கத்த ஆரம்பித்தது, அது கொஞ்சம் பெரிய செலவு. ஓடும்போது விசிறிகளும், பெல்லட்டை உள்ளே தள்ளும் திருகும் சேர்ந்து 100 வாட்டுக்குள்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போகும், அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

எந்தத் தாளிலும் வராத செலவு உடம்பு உழைப்பு. 2 டன் என்றால் 15 கிலோ மூட்டையில் 133 மூட்டை. வண்டியிலிருந்து இறங்கியதை உலர்ந்த இடத்தில் அடுக்கவேண்டும், பிறகு ஒவ்வொன்றாக அடுப்பின் தொட்டிக்குத் தூக்கவேண்டும். இடமும் 3 கன மீட்டர் அடைத்துக்கொள்ளும். ஈரம் பட்டால் பெல்லட் உப்பி மறுபடி மரத்தூளாகிவிடும். மூட்டை இல்லாமல் மொத்தமாகக் கொட்டி வைக்கும் அறை என்றால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். பெல்லட் குவியல் தானாகவே கார்பன் மோனாக்சைடை வெளிவிடும், மூடிய அறைக்குள் போனவர்கள் உயிரிழந்ததும் உண்டு. என் அம்மாவுக்கு 15 கிலோ தூக்க முடியாது. நான் ஊரில் இல்லாத வாரங்களில் எண்ணெய்தான் எரிகிறது. உங்கள் வீட்டில் தினமும் மூட்டை தூக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தினமும் காலையில் அடுப்பு ஆறிய பிறகு கதவைத் திறந்து, உள்ளங்கை அகல எரிகிண்ணத்தை வெளியே எடுப்பேன். நல்ல பெல்லட் என்றால் அதில் வெளிர் சாம்பல் மட்டும் இருக்கும், தட்டினால் விபூதி போல உதிரும். இரண்டாவது குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு வண்டி பெல்லட் இறக்கினேன். மூன்றாம் நாள் அடுப்பு பற்றவே இல்லை. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால் அடியில் கருப்பாக, கண்ணாடி போல மினுங்கும் ஒரு வில்லை ஒட்டிக் கிடந்தது. ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டித்தான் பெயர்க்க முடிந்தது. காற்று வரும் துளைகளில் பாதி அடைந்திருந்தன. மரப்பட்டையும் மண்ணும் கலந்த பெல்லட்டில் சிலிக்கா அதிகம், அது சூட்டில் உருகி இப்படி உறைந்துவிடும். அந்த வண்டியைத் தீர்க்கும்வரை தினம் இருமுறை கிண்ணத்தைச் சுரண்டினேன். மூட்டையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு அங்கேயே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈஎன்பிளஸ் ஏ1 தர முத்திரை உள்ள மூட்டை தவிர வேறு வாங்குவதில்லை. அந்தத் தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வண்டிக் கணக்கில் வாங்குவதற்கு முன் இரண்டு மூட்டை எரித்துப் பாருங்கள்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். விறகு அடுப்பு போல இது தானாக எரியாது. ஒரு பனி இரவில் விளக்கு அணைந்தது, அதே நொடியில் விசிறியின் சத்தமும் நின்றது. கிண்ணத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு பிடி பெல்லட் புகையத் தொடங்கி, கண்ணாடியின் பின்னால் மஞ்சளாகத் திரண்டது. எங்கள் புகைக்குழாய் வெளிச்சுவரை ஒட்டி மேலே 3 மீட்டர் ஏறுகிறது, அதனால் புகை தானாக இழுத்துக்கொண்டு போனது. குழாய் சுவரில் நேராக வெளியேறி முடியும் வீடுகளில் அது அறைக்குள் கசிய வாய்ப்புண்டு. குழாயை மேலே ஏற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள். பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் அன்றிரவு எங்களுக்கு இரண்டுமே இல்லை. அடிக்கடி மின்தடை வரும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் அடுப்புக்கு ஒரு பேட்டரி இன்வெர்ட்டரையும் விலையில் சேருங்கள், அல்லது விறகு அடுப்பையே பாருங்கள்.

பெல்லட் விலை நிலையாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் பயந்த வீடுகள் எல்லாம் பெல்லட்டைத் தேடின. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் வந்த மரப்பொருட்களை நிறுத்தியது. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் அந்த ஆண்டு பெல்லட் விலை இரண்டு மடங்குக்கும் மேல் போய், அடுத்த ஆண்டு இறங்கியது. கணக்குப் போடும்போது இன்றைய விலையில் ஒரு தடவையும், பெல்லட் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் என்ன ஆகும் என்று இன்னொரு தடவையும் போடுங்கள். இரண்டாவது கணக்கிலும் பத்து வருஷத்துக்குள் காசு திரும்பினால் துணிந்து வாங்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அடுப்பு அதற்கு மேலும் உழைக்கும்.

ஒரு விஷயம், வாங்குவதற்கு முன்பே. மேற்கூரைக்கு மேல் வெப்பக் காப்பு சரியாக இருக்கிறதா, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டீர்களா? நாங்கள் அடுப்பு வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் கூரையைச் சரிசெய்தோம். உடனே பெல்லட் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் இதைவிடச் சிறிய, மலிவான அடுப்பே போதுமாக இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

உங்கள் பாய்லர் நன்றாக ஓடுகிறதென்றால் அதை எடுத்துவிடாதீர்கள். சூட்டின் அளவைப் பார்த்து அதை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை 16 டிகிரியில் வைத்துவிட்டு, ஆட்கள் புழங்கும் அறையை அடுப்பால் 20-க்குக் கொண்டுவாருங்கள். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம். அடுப்பு இருக்கும் அறையிலேயே பாய்லரின் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் மட்டும் அதை வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூடம் சூடானதும் பாய்லர் நின்று, கடைசி அறை உறைந்துபோகும்.